கீழாண்ட தள்ளின மண்

சிட்டிபாபு காலையில் டிராக்டரைக் கிளப்பினான் என்றால் பொழுது சாய்கிற வரை அதன் வாயை மூட மாட்டான். பாட்டரி செத்து மாதக் கணக்காகிவிட்டது. ஒருமுறை நிறுத்தினால் நாலு ஆள் பின்னால் நின்று தள்ளினால்தான் மறுபடி உயிர் வரும். நாலு ஆளுக்கு எங்கே போவது? அதனால் அவன் டீ குடித்தாலும் சோறு தின்றாலும் எஞ்சின் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருக்கும். அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அந்தச் சத்தம்தான் காரணம் என்று பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சத்தத்தின் மேல் பழியைப் போடுவதில் ஒரு வசதி உண்டு. அது திருப்பிக் கேட்காது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து உள்ளே போகும் சாலையில், கம்பெனி பஸ்கள் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் அந்தப் பண்ணை வீடு. கட்டி முடித்துச் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. வீட்டுக்காரர் யக்ஞநாராயணன் சேலையூரில் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சனி ஞாயிறு வந்து காற்று வாங்குவதற்காகக் கட்டியது. கடைக்கால் தோண்டிய மண் வீட்டைச் சுற்றிக் குன்று குன்றாகக் கிடந்தது. தெற்கே செங்கல் அடுக்கியிருந்த இடத்தை ஒட்டி ஒரு பள்ளம். மழை பிடிப்பதற்குள் அதைக் கலைத்து, சுவர் ஓரத்தில் தண்ணீர் நிற்காதபடி வாட்டம் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். அந்த வேலைக்குத்தான் முன்பக்கம் இரும்புப் பலகை மாட்டிய டிராக்டரோடு சிட்டிபாபு வந்திருந்தான்.

அந்த மனையே ஒருகாலத்தில் அவனுடையதுதான். அதை ஒட்டிக் கிழக்கே இருக்கிற நிலம் அவன் தங்கை ஜெயக்கொடிக்குச் சீராகப் போனது. அங்கே வீடு கட்டிக்கொண்டு அவளும் புருஷன் ஜெயவேலுவும் இருக்கிறார்கள். இரண்டு நிலத்துக்கும் நடுவே ஆள் உயரத் தகர வேலி. மேற்குப் பக்கத்தை எப்போது விற்றாலும் தனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஜெயவேலு சொல்லி வைத்திருந்தான். சிட்டிபாபு தலையையும் ஆட்டினான். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றோடு மச்சானுக்கும் மச்சானுக்கும் பேச்சு அறுந்தது. வழியில் பார்த்தால் ஒருவன் எச்சில் துப்புவான், இன்னொருவன் தொண்டையைச் செருமுவான்.

அதெல்லாம் கூடச் சிட்டிபாபுவுக்குப் பெரிதில்லை. தங்கை மகள் கீதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதுதான் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தவன் அவன். குழந்தை வலி தாங்காமல் கடித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. தாய்மாமன் கை பட்டுத்தான் பந்தக்கால் ஊன்ற வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். காஞ்சிபுரம் போய் அவளுக்காக எடுத்து வந்த பட்டுப்புடவை பீரோவில் இருந்தது. பந்தக்காலுக்குத் தன்னைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா? ஒரு மாதமாக வேறு எந்த நினைப்பும் அவனுக்கு ஓடவில்லை. யாரிடமும் கேட்கவும் கௌரவம் விடவில்லை.

காலையில் அவன் வீட்டின் முன்பக்கத்து மண்ணைக் கலைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே ஜெயக்கொடியின் தலை தெரிந்தது. எதன்மேலோ ஏறி நின்றிருக்கிறாள். தலை நிறையப் பூ. வாய் அசைகிறது. எஞ்சின் இரைச்சலில் ஒரு சொல்கூட இவனிடம் வந்து சேரவில்லை. கையால் ஏதோ சைகை காட்டினாள்.

வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். வேலிக்குப் பின்னால் மச்சான் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்? கூப்பிட்டதும் ஓடி வந்தான் பார் என்று இளிக்க மாட்டானா? புழுதி பறக்கிறது, சத்தம் காதைப் பிளக்கிறது என்று சண்டைக்குத்தான் வந்திருப்பாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். சரி சரி, பார்க்கலாம் என்கிற மாதிரி கையை வெளிப்பக்கமாக ஆட்டிவிட்டு டிராக்டரைத் திருப்பினான். மறுபடி பார்த்தபோது தலை இல்லை.

கொஞ்ச நேரத்தில் யக்ஞநாராயணன் போன் செய்தார். இப்போது மட்டும் சிட்டிபாபு எஞ்சின் வேகத்தைக் குறைத்தான், இறங்கினான், ஓரமாகவும் போனான். அவன் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் வேலை செய்யாது. எல்லாம் ஸ்பீக்கரில்தான்.

"சிட்டிபாபு, சுவர் ஓரமெல்லாம் சரியா வந்துண்டிருக்கா?"

"சூப்பரா வந்துகினு கீது சார். மண்ணு தான் மிச்சம் நெறைய நிக்குது. அத்த இன்னா பண்றது?"

"மிச்சத்தை வெச்சுண்டு என்ன பண்ணப் போறோம்? எல்லாத்தையும் கீழ தள்ளிடுங்கோ."

"கீழயா சார்?"

"ஆமா, கீழதான். ஒண்ணும் மேல நிக்கப்படாது."

போன் வைத்தாயிற்று. சிட்டிபாபு கிழக்கே பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனுக்குக் கீழ என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். கீழாண்ட வூடு, மேலாண்ட கொல்லை என்றுதான் அந்த ஊரில் பேச்சு. கீழாண்ட தள்ளினால் மண் மச்சான் வேலியில்தான் போய் நிற்கும். முதல் மழையிலேயே சேறு அந்தப் பக்கம் வழியும். சார், அங்கே ஆள் இருக்கிறார்களே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளுக்குள்ளே இனித்தது அவனுக்கு. ஓனர் சொல்லிவிட்டார், நான் என்ன பண்ண என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு சீட்டில் ஏறினான்.

முதல் தள்ளில் மண் வேலிக்கு முன்னால் குவிந்தது. அடுத்த தள்ளில் தகரம் முனகியது. கிழக்குப் பார்த்து வரும்போது வெயில் நேராகக் கண்ணில் குத்தியது. வேலிக்கு அப்பால் முருங்கைமரம் ஒன்று தழைத்து நின்றதும், புழுதி கிளம்பியதும் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. பெரிய குன்றை விட்டு வைத்திருந்தான். அதை மொத்தமாகப் பலகைக்கு முன்னால் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வேகத்தை முழுக்கக் கொடுத்தான். டிராக்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கல்தூண் ஒன்று படாரென்று முறிந்தது. தகரம் மடங்கி அந்தப் பக்கம் சரிந்தது. அதன்மேல் மண் சரிந்தது. மண்ணோடு சேர்ந்து முருங்கைமரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஏதோ ஒன்று சாய்ந்தது.

புழுதி அடங்கியதும் பார்த்தான். பச்சை மூங்கில். நுனியில் மாவிலைக் கொத்து. நடுவில் மஞ்சள் துணி முடிப்பு, குங்குமப் பொட்டு. அடியில் ஊற்றிய பால் மண்ணில் இன்னும் ஈரமாக இருந்தது.

பந்தக்கால்.

அவன் மனசில் முதலில் வந்தது பயமில்லை. என்னைக் கூப்பிடாமலே ஊன்றிவிட்டார்களா என்பதுதான் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கும்போதே, கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே, நான் செத்துவிட்ட மாதிரி ஊன்றிவிட்டார்கள். டிராக்டரை நிறுத்தாமல் கியரை மட்டும் விடுவித்துவிட்டுக் கீழே குதித்தான்.

அந்தப் பக்கமிருந்து ஜெயவேலு ஓடி வந்தான். புது வேட்டி, வெற்று மார்பில் சந்தனம். சரிந்த மண்மேல் ஏறி நின்று பந்தக்காலைப் பார்த்தான். பிறகு சிட்டிபாபுவைப் பார்த்தான்.

"நல்ல காரியம் நடக்கறது பொறுக்கலியாடா உனுக்கு? எம் பொண்ணு தாலி கட்டிக்கறதுக்கு முன்னாடியே சாவு வுழணும்னு பாக்கறியா?"

"என்னிய கூப்டாம எவன்டா பந்தக்கால் நட்டவன்? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"நீ செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா நாயே!"

சொன்னவன் குனிந்து அந்த மூங்கிலையே பிடுங்கினான். மாவிலையும் முடிப்பும் தொங்க, தலைக்கு மேலே ஓங்கி ஒரே போடு. சிட்டிபாபுவின் நெற்றியில் இறங்கியது. தோல் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடியில் மூங்கில் நீளவாக்கில் பிளந்தது. முடிப்பு அவிழ்ந்து நவதானியம் அவன் முகமெல்லாம் சிதறியது. மஞ்சளும் ரத்தமும் கலந்து வாய்க்குள் போனது.

சிட்டிபாபு குருட்டுத்தனமாகப் பாய்ந்து மச்சானின் இடுப்பைக் கட்டினான். இரண்டு பேரும் புது மண்ணில் உருண்டார்கள். ஜெயவேலு மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். வாயில் மண்ணை அள்ளித் திணித்தான். "தின்றா! நீ வித்த மண்ணு தான! தின்றா!" என்று ஒவ்வொரு பிடிக்கும் கத்தினான். மூச்சு நின்றுபோகிற நேரத்தில் சிட்டிபாபுவின் பல்லுக்கு ஏதோ அகப்பட்டது. கடித்தான். மச்சானின் காது. அலறிக்கொண்டு அவன் சாய்ந்ததும் இவன் புரண்டு எழுந்து டிராக்டரிடம் ஓடினான். சீட்டுக்கு அடியில் ஜாக்கி கம்பி எப்போதும் கிடக்கும்.

ஜெயவேலு மூங்கில் துண்டோடு வந்தான். ஓங்கினான். அது இறங்குவதற்குள் கம்பி அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. எஞ்சின் இரைச்சலையும் மீறி எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் அதை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். வாய் திறந்தபடி இருந்தது, குரல் வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற நிலையில் சிட்டிபாபு இல்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகு அவனுக்கு நிதானம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. சீட்டில் ஏறிப் பலகையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். உடைந்த வேலியையும் சரிந்த மண்ணையும் தாண்டி டிராக்டரைத் தங்கை வீட்டு முற்றத்துக்குள் விட்டான். அடுக்கி வைத்திருந்த வாடகை நாற்காலிகள் நொறுங்கின. அண்டா ஒன்று சப்பையானது. நேரே வீட்டு முகப்புத் தூண். அதைச் சாய்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று கத்திக்கொண்டே போனான். அவன் கத்துவது அவனுக்கே கேட்கவில்லை.

தூணுக்கு முன்னால் கீதா வந்து நின்றாள்.

நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு நின்றாள். இரண்டு கையையும் விரித்திருந்தாள். வாய் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. நகரவும் இல்லை அவள். சிட்டிபாபு பிரேக்கின்மேல் இரண்டு காலையும் வைத்து எழுந்தே நின்றுவிட்டான். சக்கரம் தரையைச் சுரண்டிக்கொண்டு நின்றது. பலகையின் விளிம்பு அவள் புடவைக் கொசுவத்தில் உரசியது. இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் அவள் முழங்கால் போயிருக்கும்.

அவள் விரலை நீட்டி எஞ்சினைக் காட்டினாள். அவன் அதை நிறுத்தினான். அவ்வளவு சத்தம் போனதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல மற்றதெல்லாம் கேட்டது. ஜெயவேலுவின் முனகல். சாலையில் போகிற கம்பெனி பஸ். கீதாவின் மூச்சு.

"எறங்கு மாமா," என்றாள் அவள். "அப்பாவ பாத்தியா? கைய பாத்தியா? அந்தக் கைல தான எனுக்கு தாரை வாக்கணும்."

அவன் இறங்கினான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயக்கொடி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கிழித்து அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் காலையில் பார்த்த அதே பூ.

"என்னிய கூப்புடலியேமே," என்றான் சிட்டிபாபு. "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா நான் வந்திருப்பேனே."

ஜெயக்கொடி கட்டுவதை நிறுத்தினாள். அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"கூப்டலியா? காலைல ஸ்டூல் மேல ஏறி நின்னு தொண்டை கிழிய கத்தினேனே. அண்ணா, பந்தக்கால் நடறோம், நீ வந்து கைய வெச்சாதான் நடுவோம், வாண்ணான்னு எத்தினி வாட்டி கத்தினேன்! இந்த மனுஷன் தான் போயி கூப்டுன்னு என்னிய அனுப்பிச்சாரு. நீ இன்னா பண்ண? கைய ஆட்டி போன்னுட்ட. நல்ல நேரம் போய்க்கினே இருந்தும் உனுக்காக பாத்துகினே நின்னோம். நீ வரல. அதுக்கப்பறம் தான் நட்டோம்."

"சத்தத்துல காதுல வுழலமே..."

"அந்த சார் போன் பண்ணப்ப மட்டும் வுழுந்துச்சா? எறங்கி வந்து பணிவா பேசினியே, அத்தயும் நான் தகர சந்துல பாத்துகினு தான நின்னேன்."

பல்லிடுக்கில் மண் இருந்தது. துப்பக்கூடத் தோன்றவில்லை. மச்சானே கூப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அது ஒன்றே அவனைக் கொன்று போட்டது. ஒரு மாதமாக எந்த அழைப்புக்காக அவன் சோறு இறங்காமல் கிடந்தானோ அது வந்து வேலியோரம் நின்றிருக்கிறது, அதை அவனே கையை ஆட்டித் துரத்தியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கிற எண்ணமில்லாமல்தான் வெளியே எடுத்தான். ரத்தப் பிசுக்கில் விரல் எங்கோ பட்டு அது பேச ஆரம்பித்துவிட்டது.

"சிட்டிபாபு, மண்ணைத் தள்ளியாச்சோ? அந்தத் தெற்கால பள்ளம் ரொம்பிடுத்தா?"

"பள்ளமா?" என்றான் அவன்.

"ஆமாய்யா, செங்கல் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்துல இருக்கே பள்ளம். கீழ தள்ளிடுங்கோன்னேனே."

"கீழன்னீங்களே சார். கீழாண்ட."

"கீழன்னா கீழதான். ஈஸ்ட்னு நான் எங்கே சொன்னேன்? அங்கே மனுஷா குடியிருக்காளே, அந்தப் பக்கம் யாராவது மண்ணைத் தள்ளச் சொல்லுவாளா? ஹலோ? ஹலோ?"

முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. சிட்டிபாபு போனை அணைக்கவும் மறந்து நின்றான். நான் வேண்டுமென்று செய்யவில்லை, பார்த்தீர்களா, அந்த மனிதர் வாயாலேயே வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். ஜெயவேலு தரையிலிருந்து தலையைத் தூக்கினான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வலியில் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"அவுரு பள்ளத்த தான் சொன்னாரு. எங்க வூடு கீழாண்ட கீதுல்ல, அதான் உனுக்கு அப்டி கேட்டுச்சி."

சிட்டிபாபு போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

கீதா அழவில்லை. பிளந்த மூங்கிலைப் பொறுக்கி எடுத்து வந்தாள். சொம்பின் அடியில் மிச்சமிருந்த பாலை விட்டு அதிலிருந்த ரத்தத்தைக் கழுவினாள். பிளவை மஞ்சள் துணியால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். விழுந்து கிடக்கிற பந்தக்காலோடு மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே நிற்க முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஊன்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஜெயவேலு பிடிவாதம் பிடித்தான். ஜெயக்கொடி சரிந்த மண்ணைக் கையால் அள்ளி ஒதுக்கிப் பழைய குழியைத் தேடினாள். மூன்று பேரும் மூங்கிலை நிமிர்த்தினார்கள். ஜெயவேலு இடது கையால் பிடித்தான். மூங்கில் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. நிமிர்த்திப் பிடிக்க இன்னும் ஒரு கை வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

சிட்டிபாபு டிராக்டரை ஒட்டி நின்றான். இப்போது எஞ்சின் ஓடவில்லை. எறும்பு ஊர்ந்தால் கேட்கிற அமைதி. யாராவது வாய்க்குள்ளே முணுமுணுத்திருந்தால்கூட அவனுக்குக் கேட்டிருக்கும். காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெயக்கொடி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

அவள் மண் அப்பிய கையைத் தூக்கி, வெளிப்பக்கமாக ஆட்டினாள். காலையில் அவன் ஆட்டின மாதிரியே இருந்தது.